இதயச் சுவர் தடித்தால் பலம்தானே? காவேரிப்பாக்கத்திலிருந்து வந்த கேள்வி

வணக்கம். நிறைய பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். இன்றைக்கு ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கேள்வி சின்னதுதான், ஆனால் அதில் ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அதனால் வரிசையில் பின்னால் இருந்ததை முன்னால் கொண்டுவந்துவிட்டேன். மற்றவர்கள் மன்னிக்க வேண்டும்.

காவேரிப்பாக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் பதிவாக அனுப்பியிருக்கிறார். அவர் சொன்னது இது. "சார், எங்கள் அப்பாவுக்கு 62 வயது. விவசாயம். 12 வருஷமாக பி.பி. இருக்கிறது. மாத்திரையை ஒழுங்காகப் போட மாட்டார். தலை சுற்றினால் போடுவார், இல்லையென்றால் இல்லை. போன மாதம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார், எக்கோ எடுத்தோம். ரிப்போர்ட்டில் இடது கீழறைச் சுவர் 13 மில்லிமீட்டர், கான்சென்ட்ரிக் எல்.வி.ஹெச்., கிரேடு ஒன் டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன், குட் எல்.வி. ஃபங்ஷன் என்று இருக்கிறது. டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். கூட்டத்தில் நின்று விளக்கம் கேட்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா, 'சுவர் தடிப்பா இருந்தா நல்லதுதானே, வேலூர்க் கோட்டைச் சுவர் மாதிரி இருக்குன்னு எழுதியிருக்கான்' என்று சொல்லி மாத்திரையை நிறுத்திவிட்டார். இதயச் சுவரில் மூன்று அடுக்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் இருக்கிறது. இதில் எந்த அடுக்கு தடித்திருக்கிறது? தடித்தால் என்ன கெடுதல்?"

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் அம்மா. நான் டாக்டர் இல்லை. விலங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். மாத்திரையைப் பற்றி முடிவு சொல்ல வேண்டியவர் அதை எழுதிக் கொடுத்தவர்தான். நிறுத்துவதும் அவரிடம் கேட்டுத்தான். இன்றைக்கே அப்பாவைத் திரும்ப அழைத்துக்கொண்டு போங்கள். ஆனால் சுவர் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று நான் சொல்ல முடியும். அது புரிந்தால் கோட்டைச் சுவர் கணக்கு எங்கே தப்பு என்று அவருக்கே தெரிந்துவிடும். ரிப்போர்ட்டில் இருக்கிற ஆங்கில வார்த்தைகளுக்கு அர்த்தம் கடைசியில் சொல்கிறேன்.

இந்தத் தட்டில் இருப்பது ஆட்டு இதயம். காலையில் கறிக்கடையில் வாங்கியது. உறையோடு அப்படியே வேண்டும் என்று நேற்றே சொல்லிவைத்திருந்தேன். கறிக்கடை பாய் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சிரித்தார், ஆனால் ஞாபகமாக எடுத்து வைத்திருந்தார். ஆட்டுக்கும் நமக்கும் இதயத்தின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். நான்கு அறை, நான்கு வால்வு, அதே அடுக்குகள். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குப்பா. ஆங், போதும்.

வெளியே வெள்ளையாக, பிளாஸ்டிக் பை மாதிரி ஒன்று சுற்றியிருக்கிறது பாருங்கள். இது பெரிகார்டியம், இதய உறை. இது சுவரோடு சேர்ந்தது இல்லை, சுவருக்கு வெளியே இருக்கும் பை. இழுத்துப் பாருங்கள், இழுபடவே மாட்டேன் என்கிறது. காரணம், இதில் இருப்பது பெரும்பாலும் கொல்லாஜன் நார். தோலிலும் அதே நார்தான். நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று எத்தனை குடும்பங்கள் தோல் ஷாப்பில் இதைத்தான் பதப்படுத்திப் பிழைக்கின்றன. இன்னொரு விஷயம் கேளுங்கள். வால்வு கெட்டுப்போனவர்களுக்கு வைக்கிற திசு வால்வுகளில் ஒரு வகை, மாட்டின் இதய உறையை வெட்டித் தைத்துச் செய்வது. அது அழுகாமல், பலமாக இருப்பதற்கு குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தில் ஊறவைப்பார்கள். அது தோல் பதனிடவும் பயன்படுகிற சரக்கு. ஆக அந்த வால்வு ஒரு வகையில் பதம் செய்த தோல்தான். ஆம்பூரில் ஷூவுக்கு நடப்பது அங்கே வால்வுக்கு நடக்கிறது.

இந்தப் பைக்கும் இதயத்துக்கும் நடுவில் கொஞ்சம் திரவம் இருக்கும். மனிதருக்கு 15 முதல் 50 மில்லி வரை. இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் உரசாமல் வழுக்கிக்கொண்டு போவதற்கு இந்த எண்ணெய் மாதிரியான திரவம் வேண்டும். பையில் அழற்சி வந்து இரண்டு பரப்பும் சொரசொரப்பானால் ஸ்டெதஸ்கோப்பில் ஒரு சத்தம் கேட்கும். புதுத் தோல் செருப்பு போட்டு நடந்தால் கிறீச் கிறீச் என்று வருமே, கிட்டத்தட்ட அதுதான். பாடப் புத்தகங்களிலும் தோல் உரசும் சத்தம் என்றுதான் எழுதியிருப்பார்கள். அந்த அழற்சியில் வருகிற மார்பு வலிக்கு ஒரு அடையாளம் உண்டு. மல்லாந்து படுத்தால் கூடும், எழுந்து முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறையும். நம் நாட்டில் காசநோயும் இந்த உறையைப் பிடிக்கும், அதை மறக்கக் கூடாது.

பை இழுபடாது என்றேனே, அதில் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் இருக்கிறது. இதயம் திடீரென்று அளவுக்கு மீறி உப்பிவிடாமல் பிடித்து வைக்கிறது, அது நல்லது. அடிபட்டு உள்ளே ரத்தம் கசிந்தால், ஒரு டம்ளர் அளவு சேர்வதற்குள் இதயத்தை நெரித்துவிடும், அது கெட்டது. இதுவே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்லச் சேர்ந்தால் பை கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து கொடுத்து ஒரு லிட்டர்கூடத் தாங்கும். எவ்வளவு என்பதைவிட எவ்வளவு வேகமாக என்பதுதான் அங்கே கணக்கு. சரி, உங்கள் அப்பாவுக்கு இதில் எந்தக் கோளாறும் இல்லை. பையைக் கிழித்து ஓரமாக வைத்துவிடுகிறேன்.

இப்போது தெரிவது சுவர். இதில்தான் நீங்கள் படித்த மூன்று அடுக்கு. வெளியே எபிகார்டியம், நடுவில் மயோகார்டியம், உள்ளே எண்டோகார்டியம். பரீட்சைக்கு இந்த மூன்று பெயரை எழுதினால் மூன்று மதிப்பெண். படம் போட்டால் இன்னும் இரண்டு. நானே அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் மூன்றும் ஒரே தடிமனில் வரைவார்கள் பாருங்கள், அங்கேதான் பிள்ளைகள் குழம்பிப் போகிறார்கள். வெளியடுக்கும் உள்ளடுக்கும் படலம். நடுவில் இருப்பதுதான் சுவர் முழுக்க.

வெளியடுக்கு இதோ, இந்தப் பளபளப்பு. விரல் நகத்தால் சுரண்டினால் ஈரத் தாள் மாதிரி உரிகிறது. அதற்குக் கீழே மஞ்சளாகக் கொழுப்பு. அந்தக் கொழுப்புக்குள் குழாய் ஓடுகிறது பாருங்கள், இப்படி இறங்கி, இங்கே இரண்டாகப் பிரிந்து. இதுதான் கரோனரி தமனி, இதயச் சதைக்கே ரத்தம் கொடுக்கிற குழாய். ஆஞ்சியோவில் சாயம் ஏற்றிப் பார்ப்பது இதைத்தான், பைபாஸ் செய்கிறவர்கள் இணைப்புக் கொடுப்பதும் இதில்தான். எபிகார்டியத்தைப் பற்றி இன்றைக்கு இதற்கு மேல் வேண்டாம். ஆனால் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். குழாய் வெளியே ஓடுகிறது. ரத்தம் வெளியிலிருந்து உள்ளே போகிறது. பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

இப்போது வெட்டுகிறேன். குறுக்கே, நடுவில். ம்ம்… கத்தி கொஞ்சம் மழுங்கல். ஆச்சு.

இரண்டு ஓட்டை தெரிகிறதா? இந்தப் பக்கம் இடது கீழறை, வட்டமாக, சுற்றிலும் தடித்த சதை. அந்தப் பக்கம் வலது கீழறை, அதன்மேல் சால்வை போர்த்திய மாதிரி மெல்லிசாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் துடிக்கின்றன, ஒரே அளவு ரத்தத்தைத்தான் தள்ளுகின்றன. அப்புறம் ஏன் ஒன்று மட்டும் இவ்வளவு தடிமன்? வலது அறை தள்ளுவது பக்கத்தில் இருக்கிற நுரையீரலுக்கு. அதற்கு 25 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் போதும். இடது அறை தலையுச்சி முதல் கால் விரல் வரை தள்ள வேண்டும், அதற்கு 120 வேண்டும். அதனால் நமக்கு வலது சுவர் 3 முதல் 5 மில்லிமீட்டர், இடது சுவர் ஆண்களுக்கு 10 மில்லிமீட்டருக்குள். மேலறைகளின் சுவர் அதைவிட மெல்லிசு, 2 மில்லிமீட்டர் அளவுதான். கீழே இருக்கிற அறைக்கு ஊற்றிவிட்டால் அதன் வேலை முடிந்தது.

ஆக, சுவரின் தடிமன் அது எதிர்த்துத் தள்ளுகிற அழுத்தத்தைக் காட்டுகிறது. அப்பாவுக்கு 13 என்றால், அவர் இதயம் 12 வருஷமாக 120-ஐ எதிர்த்துத் தள்ளவில்லை, 160, 170 என்று ஏதோ ஒன்றை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தச் சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளத்தான் சுவர் தடித்தது. அந்த அளவில் அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லமாட்டேன். உடம்பு முட்டாள்தனமாக எதையும் செய்யவில்லை. மூட்டை தூக்குகிறவர் தோள் உரம் ஏறுகிற மாதிரி இதுவும் ஏறியிருக்கிறது.

தடித்தது எது என்று கேட்டீர்கள். நடு அடுக்கு, மயோகார்டியம். இந்தச் சதை கை கால் சதை மாதிரி வரி வரியாக இருந்தாலும் குணம் வேறு. கை கால் தசை நீளமான தனித்தனி நார். இதயத் தசை செல்கள் சின்னவை, கிளை விட்டுக் கிளை விட்டு ஒன்றோடு ஒன்று கோத்துக்கொள்ளும். கோத்துக்கொள்கிற இடத்தில் இன்டர்கேலேட்டட் டிஸ்க் என்று ஒரு இணைப்பு. அதில் இரண்டு காரியம் நடக்கிறது. இழுக்கும்போது செல்கள் பிய்ந்துவிடாமல் பிடிக்கிற கொக்கி ஒன்று, மின்சாரம் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குத் தாண்டுகிற வாசல் ஒன்று. அதனால் ஒரு செல்லுக்குச் சேதி வந்தால் எல்லாவற்றுக்கும் வந்த மாதிரிதான். சத்துவாச்சாரியில் ஒரு தெருவில் கரண்ட் போனால் ஊரே 'ஓ' என்று கத்துமே, அந்த வேகம்.

இந்த நார்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பது இதைவிட அழகு. வெட்டின இடத்தை உற்றுப் பாருங்கள். வெளிப்பக்க நார் சாய்வாக ஒரு பக்கம் இறங்குகிறது. நடுவில் இருப்பது வளையமாகச் சுற்றுகிறது. உள்பக்க நார் எதிர்ப் பக்கமாகச் சாய்ந்து இறங்குகிறது. அதனால் கீழறை சுருங்கும்போது பந்தை அமுக்குகிற மாதிரி அமுக்குவதில்லை, முறுக்குகிறது. குடியாத்தம் லுங்கியை நனைத்து, இரண்டு கையிலும் பிடித்து எதிரெதிராகப் பிழிவோம் இல்லையா? மேல் பக்கம் ஒரு திசை, நுனிப் பக்கம் எதிர்த் திசை. அப்படிப் பிழிந்தால்தான் கொஞ்சம் சதையை வைத்து நிறைய ரத்தத்தை வெளியேற்ற முடியும். பிழிந்த துணியை விட்டதும் தானாகத் திரும்பி விரியும் பாருங்கள், இதயமும் அப்படி வெடுக்கென்று விரியும்போதுதான் மேலறையிலிருந்து ரத்தத்தை உறிஞ்சிக்கொள்கிறது.

விரிவது என்றதும் ஒரு விஷயம். தசை தளர்வது சும்மா நடக்கிற காரியம் என்று நினைக்கிறோம். இல்லை. சுருங்குவதற்காக செல்லுக்குள் விட்ட கால்சியத்தைத் திரும்பப் பம்பு போட்டு செல்லுக்குள்ளேயே இருக்கிற சேமிப்புப் பைக்கு ஏற்றினால்தான் தசை தளரும். அதற்கு எரிபொருள் செலவாகும். சுருங்கவும் செலவு, தளரவும் செலவு. அதனால்தான் இதயச் செல்லின் கொள்ளளவில் கால் பங்குக்கும் மேலாக மைட்டோகாண்ட்ரியா, எரிபொருள் தயாரிக்கிற அடுப்புகள். வீட்டில் கால் பங்குக்கு மேல் அடுப்பங்கரையாகவே இருக்கிற மாதிரி.

இப்போது ரத்தம் உள்ளே போகிற கதைக்கு வருகிறேன். காவேரிப்பாக்கம் என்று கேட்டதுமே எனக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றிவிட்டது. உங்கள் ஊர் ஏரி தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. மதகு திறந்தால் தண்ணீர் தலைவாய்க்காலில் ஓடி, கிளைவாய்க்காலில் பிரிந்து, தலைமடைக்காரர் வயலை நனைத்துவிட்டு, கடைசியில்தான் கடைமடைக்கு வரும். வருஷம் நன்றாக இருந்தால் எல்லோருக்கும் வரும். கொஞ்சம் குறைந்தால் யார் வயல் காயும் என்று அப்பாவிடம் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்.

இதயச் சுவரிலும் அதே பாசனம்தான். மதகு பெருந்தமனியின் வாயில் இருக்கிறது. தலைவாய்க்கால் நாம் பார்த்த கரோனரி தமனி, வெளியே, கொழுப்புக்குள் ஓடுகிறது. அதிலிருந்து கிளைகள் சுவருக்குள் செங்குத்தாக இறங்குகின்றன. வெளிச் சதை தலைமடை. அறையை ஒட்டிய உள்சதை கடைமடை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கடைமடைக்குத்தான் உழைப்பு அதிகம். அறைக்குள் இருக்கிற 120 அழுத்தம் நேராக அதன்மேல்தான் விழுகிறது. சுருங்கும்போது தன் சதையே தன் குழாய்களை நசுக்கிவிடுகிறது. அதனால் இடது கீழறைக்கு ரத்தம் பெரும்பாலும் அது தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் ஓடுகிறது. உடம்பு முழுக்கத் துடிக்கும்போது ரத்தம் ஓடுகிறது, துடிக்க வைக்கிற சதைக்கு மட்டும் துடிப்புக்கு நடுவில்தான் சாப்பாடு. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர்கள் கடைசியில் உட்காருகிற மாதிரி.

ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 0.8 விநாடி. அதில் சுருங்க 0.3, தளர 0.5. ஓடினால், படி ஏறினால் துடிப்பு கூடும். அப்போது குறைவது பெரும்பாலும் அந்த 0.5-தான். வேலை கூடும்போது சாப்பாட்டு நேரம் குறைகிறது. மற்ற தசைகள் ரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனில் ஓய்வு நேரத்தில் கால் பங்குதான் எடுக்கும், அவசரத்துக்கு இன்னும் எடுத்துக்கொள்ளலாம். இதயத் தசை சும்மா உட்கார்ந்திருக்கும்போதே முக்கால் பங்கு அளவுக்கு உறிஞ்சிவிடும். கையிருப்பு கிடையாது. இன்னும் வேண்டும் என்றால் இன்னும் ரத்தம் வந்தாக வேண்டும்.

இந்த நிலைமையில் சுவர் தடிக்கிறது. எப்படித் தடிக்கிறது? புதுச் செல் முளைத்து இல்லை. பெரியவர்களுக்கு இதயத் தசை செல் புதிதாகப் பிறப்பது மிக மிகக் குறைவு. 25 வயதில் வருஷத்துக்கு நூற்றில் ஒன்று என்ற கணக்கு, வயதாக ஆக அதிலும் பாதிக்குக் கீழே போய்விடும். 2009-இல் ஸ்வீடனில் ஒரு குழு இதைக் கண்டுபிடித்த விதம் தனிக் கதை. அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன் 14-ஐ வைத்து, இந்தச் செல்கள் சராசரியாக எந்த வருஷம் பிறந்தவை என்று கணக்குப் போட்டார்கள். அதை இன்னொரு நாள் சொல்கிறேன். இப்போதைக்கு, சுவர் தடிப்பது இருக்கிற செல்களே பருத்துப்போவதால். செல் பருக்கிற அளவுக்கு நுண்குழாய்கள் கூடவே பெருகுவதில்லை. நடுவில் நார்த் திசுவும் படிகிறது, தழும்பு மாதிரி.

அப்படியென்றால் வயல் விரிந்துவிட்டது, வாய்க்கால் அதேதான். கடைமடை இன்னும் தள்ளிப் போய்விட்டது. இதற்கு மேல் கரோனரி குழாயில் கொஞ்சம் அடைப்பும் சேர்ந்தால் முதலில் காய்வது உள்சதைதான். மாரடைப்பில்கூட அப்படித்தான். குழாய் முழுசாக அடைத்தால் சதை சாவது உள்பக்கத்தில் தொடங்கி, சில மணி நேரத்தில் வெளிப்பக்கம் வரைக்கும் பரவும். சீக்கிரம் போனால் சுவரின் வெளிப் பாதியையாவது காப்பாற்றலாம் என்று டாக்டர்கள் பறப்பது இதனால்தான்.

உள்ளடுக்கு பாக்கி இருக்கிறது, எண்டோகார்டியம். இந்த அறையின் உள்ளே விரலை விட்டுப் பாருங்கள், வழவழ என்று இருக்கிறது. ஒரே ஒரு வரிசை செல், அதன்கீழே கொஞ்சம் இணைப்புத் திசு. ரத்தக் குழாய்களின் உள்பூச்சு எதுவோ அதன் தொடர்ச்சிதான் இது. ரத்தம் இதன்மேல் உறையாமல் ஓட வேண்டும், அதுதான் முக்கிய வேலை. இதற்குக் கரோனரிகூடத் தேவையில்லை, அறைக்குள் இருக்கிற ரத்தத்திலிருந்தே நேராக ஆக்சிஜன் ஊறிவிடும். ஆனால் அந்த ஊற்று ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழம் வரைக்கும்தான். மாரடைப்பில் உள்சதை செத்தாலும் இந்த மெல்லிய விளிம்பு மட்டும் பிழைத்துக் கிடக்கும்.

நாங்கள் படிக்கும் காலத்தில் தவளை அறுப்போம். இப்போது தடை, நல்லதுதான். தவளையின் கீழறை கடற்பஞ்சு மாதிரி இருக்கும், சுவருக்குள் கரோனரி குழாயே கிடையாது. உள்ளே வருகிற ரத்தம் பஞ்சுக்குள் ஊறி அதுவே சாப்பாடு. குறைந்த அழுத்தத்தில் அது போதும். 120 அழுத்தத்துக்குச் சுவர் கெட்டியாக வேண்டும், கெட்டியானால் ஊற முடியாது, அதனால் வெளியே வாய்க்கால் வெட்ட வேண்டியதாயிற்று. நம் கடைமடைப் பிரச்சினையின் வேர் அங்கே இருக்கிறது.

இதோ, வலது அறையைக் குறுக்கே தாண்டி ஒரு கயிறு போகிறது பாருங்கள். மாடரேட்டர் பேண்டு. சேதி கொண்டுபோகிற நார்களின் ஒரு கிளை இதற்குள் ஓடுகிறது. எண்டோகார்டியத்துக்கு அடியிலேதான் இந்தப் பர்கின்ஜி நார்கள் பரவிக் கிடக்கின்றன. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான விஞ்ஞானி பர்கின்ஜி இதை 1839-இல் பார்த்தது செம்மறி ஆட்டு இதயத்தில்தான். ஆடு மாடுகளுக்கு அந்த நார் பெரிது, கண்ணுக்கே தெரியும். அவரும் கறிக்கடைக்குத்தான் போயிருப்பார் என்று நான் வகுப்பில் சொல்வேன், ஆதாரம் கேட்காதீர்கள்.

வால்வுகளும் எண்டோகார்டியத்தின் மடிப்புகள்தான். அதனால்தான் குழந்தைகளின் தொண்டைப் புண்ணை நான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப் புண்ணுக்குப் பிறகு ருமாட்டிக் காய்ச்சல் வந்தால் அது மூன்று அடுக்கையும் தாக்கும். உறையும் தசையும் பெரும்பாலும் தேறிவிடும். வால்வுதான் தழும்பேறிச் சுருங்கி நிற்கும். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகளை நம் ஊர்ப் பக்கம் பார்த்திருப்பீர்கள். வலிக்கிறது என்று அதை நிறுத்தக் கூடாது. நம் சி.எம்.சி.யில் 1961-லேயே திறந்த இதய அறுவை தொடங்கிவிட்டார்கள், அதில் பெருமை உண்டு. ஆனால் வால்வு கெடாமலே பார்த்துக்கொள்வதற்கு அது ஈடு இல்லை.

எங்கேயோ போய்விட்டேன். ரிப்போர்ட்டுக்கு வருவோம்.

கான்சென்ட்ரிக் எல்.வி.ஹெச். என்றால் இடது கீழறைச் சுவர் சுற்றிலும் ஒரே சீராகத் தடித்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் என்றால் வேறு சந்தேகங்கள் வரும், பரம்பரைக் கோளாறு, அது இது என்று. சீராகத் தடித்து, கூடவே பழைய பி.பி. இருந்தால் பெரும்பாலும் பி.பி.தான் காரணம். பெருந்தமனி வால்வு சுருங்கியிருந்தாலும் இப்படித் தடிக்கும், ஆனால் அதுவும் எக்கோவில் தெரிந்திருக்கும், எழுதியிருப்பார்கள். குட் எல்.வி. ஃபங்ஷன் என்பது பிழிகிற வேலையைப் பற்றியது. அது நன்றாக இருக்கிறது, சந்தோஷம். அப்பா பிடித்துக்கொண்டது அந்த 'குட்' என்ற வார்த்தையைத்தான் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் வரியில் இருக்கிற கிரேடு ஒன் டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்தான் அவருடைய மூச்சு வாங்கலோடு பொருந்துகிறது. வயதானால் பலருக்கும் கிரேடு ஒன் வரும், பயப்பட வேண்டாம். ஆனால் அர்த்தம் இதுதான். சுவர் விரைப்பாகி, தளர்வது தாமதமாகிறது. புது லுங்கியைக் கஞ்சி போட்டுக் காயவைத்த மாதிரி. சும்மா இருக்கும்போது சமாளிக்கும். படி ஏறும்போது அந்த 0.5 விநாடி சுருங்குகிறது, விரைப்பான அறை அதற்குள் நிரம்ப முடியவில்லை, ரத்தம் மேலறையிலும் பின்னால் நுரையீரலிலும் தேங்குகிறது. அதுதான் மூச்சு.

கோட்டைச் சுவர் 400 வருஷத்துக்கும் மேலாக நிற்கிறது என்றால் அது அசையாமல் நிற்கிறது அம்மா. அகழித் தண்ணீர் வந்து அதைத் தள்ளிக்கொண்டு இல்லை. இது ஒரு நாளைக்கு லட்சம் தடவை சுருங்கி, லட்சம் தடவை விரிய வேண்டிய சுவர்.

மாத்திரை போட்டால் இந்தத் தடிப்பு குறையுமா என்று அடுத்து கேட்பீர்கள். பி.பி.யைத் தொடர்ந்து கட்டுக்குள் வைத்தால் பலருக்குக் குறைகிறது. பருத்த செல் சிறிது இளைக்கும். நாராகிப் போன இடம் அவ்வளவு எளிதில் திரும்பாது, அதனால்தான் சீக்கிரம் என்பது. தலை சுற்றினால் மட்டும் போடுகிற பழக்கம் இதற்கு உதவாது. அழுத்தம் கூடும்போது பெரும்பாலும் தலை சுற்றவே சுற்றாது, சத்தமில்லாமல் கூடும். உப்பைக் குறையுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் ஒரே தட்டில் வைக்காமல் இருந்தாலே நிறைய மாறும். நடக்கலாம், மூச்சு வாங்கினால் நின்றுவிட்டு நடக்கலாம், எவ்வளவு தூரம் என்று டாக்டரைக் கேளுங்கள். மார்பில் அழுத்தம், வியர்வை, கை அல்லது தாடைக்கு வலி பரவுவது என்று ஏதாவது வந்தால் வீடியோ பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், 108-க்கு அடியுங்கள்.

அப்பாவிடம் மயோகார்டியம், எண்டோகார்டியம் எல்லாம் சொல்ல வேண்டாம். அவர் நிலம் எந்த மடையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கடைமடை என்றால் ஒரு வார்த்தை போதும். தலைமடை என்றால் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கும், அவர்களுக்கு அந்தக் கஷ்டம் அவ்வளவாகத் தெரியாது. அந்தக் குரல் பதிவு மாதிரியே இன்னொன்று அனுப்புங்கள், மாத்திரையைத் திரும்பத் தொடங்கிவிட்டார் என்று. அடுத்த கேள்வி திருப்பத்தூரிலிருந்து, பேஸ்மேக்கர் வைத்தவர் செல்போனைச் சட்டைப் பையில் வைக்கலாமா என்று. அதை நாளைக்குப் பேசுவோம். வீட்டில் இந்தத் தட்டை எப்போது உள்ளே கொடுப்பாய் என்று இரண்டு தடவை கேட்டாயிற்று.